முயல்குட்டி ட்ரேயை விட்டுவிட்டுக் கட்டிலில் ஒன்றுக்குப் போகிறது, பழக்க முடியுமா?

மூன்றாம்மாடி
சனி, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

தாம்பரத்தில் மூன்றாவது மாடி வீடு. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு முயல்குட்டி வாங்கி இன்றோடு 12 நாள். பெயர் பொரி. வெள்ளை உடம்பு, காது மட்டும் சாம்பல். விற்றவர் "மூன்று மாதக் குட்டி, பொட்டை" என்றார். இரண்டு கையைச் சேர்த்தால் அதற்குள் உட்கார்ந்துவிடுகிறது, அதனால் மூன்று மாதம் என்பதை நான் நம்பவில்லை.

முயல் சுத்தமான பிராணி, தானாக ஒரே இடத்தில் போகும் என்று வீடியோக்களில் பார்த்துத்தான் சம்மதித்தேன். இங்கே நடப்பது வேறு. கடையில் கொடுத்த முக்கோண ட்ரேயை ஹாலில் டிவிக்குக் கீழே வைத்து, பூனைக்கு விற்கும் மணலைக் கொட்டியிருக்கிறேன். பகலில் வீடு முழுக்க ஓடவிடுகிறோம். புழுக்கை எங்கும் கிடக்கிறது. அது பரவாயில்லை, மிளகு கொட்டிக் கிடப்பது போல இருக்கும், துடைப்பத்தில் போய்விடும். மூத்திரம்தான் தாங்க முடியவில்லை. மகளின் கட்டில், பீரோவுக்குப் பின்னால், சாப்பாட்டு மேஜைக்குக் கீழே என்று கணக்கே இல்லை. தூக்கி ட்ரேயில் விட்டால் சுட்டுவிட்டதைப் போலக் குதித்து ஓடுகிறது. மெத்தையை நாலு தடவை வெயிலில் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் பினாயில் ஊற்றித் துடைக்கிறேன், வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது.

மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். "ஆட்டுக்குட்டிக்கு யாராவது கக்கூஸ் பழக்கினார்களா? மொட்டைமாடியில் ஒரு கூண்டு வைத்து விடு" என்கிறார். மே மாதத்து மொட்டைமாடியில் குட்டி பிழைக்காது என்பது எனக்கே தெரியும். ஆனால் திருப்பிச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நிஜமாகவே பழக்க முடியுமா, இல்லை நான் ஏமாந்துவிட்டேனா?


வெறுங்கால்
சனி, இரவு 10.41

நாய்க்குட்டிக்குச் செய்வதுதான். போன இடத்தில் மூக்கைக் கொண்டுபோய் வைத்து லேசாக ஒரு தட்டு. இரண்டே வாரத்தில் வழிக்கு வரும்.


ஆறுமுயல்
சனி, இரவு 11.05

வெறுங்கால் சார், அந்த யோசனையை நாய்க்கே சொல்லாதீர்கள். முயல் பருந்துக்கும் நரிக்கும் இரையாகியே வளர்ந்த இனம். தட்டினால் அதற்குப் புரிவது "இந்த ஆள் ஆபத்து" என்பது மட்டும்தான். எதற்காகத் தட்டினோம் என்பது அதன் மண்டையில் ஏறாது. அதோடு முயலின் முதுகெலும்பு மெல்லியது, பின்காலின் உதையோ பலமானது. பயந்து திமிறினால் தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும். அப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் எழுந்து நடக்கவே இல்லை.

மூன்றாம்மாடி, நீங்கள் ஏமாறவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே நாலு தப்பு இருக்கிறது. கோபிக்காதீர்கள், என் முதல் முயலுக்கு நானும் இதே நாலையும் செய்தேன்.

பூனை மணலை இன்று இரவே, இதைப் படித்து முடித்த கையோடு கொட்டிவிடுங்கள். ஈரம் பட்டால் கட்டியாகும்படி செய்த களிமண் அது. பூனை அதைத் தின்னாது. குட்டிமுயல் எதையும் கடித்துப் பார்க்கும். வயிற்றுக்குள் போய்க் கட்டியானால் எடுக்க வழியில்லை, முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது. இப்போதைக்கு நாலைந்து அடுக்கு செய்தித்தாள் போதும்.

முக்கோண ட்ரே கடைக்காரருக்கு மட்டும் உதவும் பொருள். முயல் உள்ளே போய், முழுதாக உட்கார்ந்து, ஒரு சுற்றுத் திரும்ப இடம் வேண்டும். அந்தக் குட்டி இன்னும் இரண்டு மாதத்தில் மூன்று மடங்காகும்.

பினாயிலை நிறுத்துங்கள். ஈரம் காயுமுன் நக்கினால் ஆபத்து. அப்படி நக்காவிட்டாலும், நமக்கு மறைந்துபோன மூத்திர வாசனை அதன் மூக்குக்கு மறைவதில்லை. வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடையுங்கள். மூத்திரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புக் கறையும் அதில்தான் போகும்.

நாலாவதுதான் பெரியது. அந்தக் குட்டிக்கு உங்கள் வீடு ஒரு தாலுகா மாதிரி. இன்னும் மூத்திரத்தை அடக்கத் தெரியாத வயது. ஹாலின் அந்தக் கோடியில் இருக்கும் ட்ரேயை நினைத்துக்கொண்டு யார் ஓடுவார்கள்?

நாளைக்கு மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். மற்ற இடத்தைவிட அதிகமாகப் போகும் மூலை எது? புல் எங்கே வைக்கிறீர்கள்? புல் வைக்கிறீர்களா முதலில்?


மூன்றாம்மாடி
ஞாயிறு, காலை 7.15

மணலைக் கொட்டிவிட்டேன் அக்கா. அந்த ட்ரேயும் பரணுக்குப் போய்விட்டது.

புல் வைக்கவில்லை. கேரட், முட்டைக்கோஸ், கடையில் கொடுத்த கலர் கலரான தீனி, இவ்வளவுதான் போடுகிறோம். அதிகமாகப் போவது மகள் கட்டிலில். அதற்கு அடுத்து, ராத்திரி அடைக்கும் கம்பிக் கூண்டின் இடது பின் மூலை. அங்கே தினமும் ஈரம்தான்.


ஆறுமுயல்
ஞாயிறு, காலை 8.02

பார்த்தீர்களா, அது ஏற்கெனவே ஒரு மூலையைத் தேர்ந்துவிட்டது. உங்களிடம் சொல்ல அதற்கு வாய்தான் இல்லை.

கலர் தீனியை அப்படியே நிறுத்தாமல் ஒரு வாரத்தில் குறைத்து, கலர் இல்லாத வெறும் பெல்லட்டுக்கு மாற்றுங்கள். கேரட் மிட்டாய் மாதிரி, சுண்டுவிரல் நுனி அளவுதான். முழுநேரமும் எதிரில் இருக்க வேண்டியது காய்ந்த புல். பழக்குவதில் பாதி வேலை அந்தப் புல்லில்தான் இருக்கிறது, மாலையில் விரிவாக எழுதுகிறேன். சமையல் கிடக்கிறது.


நீலகிரிக்காரன்
ஞாயிறு, காலை 11.30

நான் வீட்டு முயல்காரன் இல்லை. பதினைந்து வருடம் பண்ணை முயல் பார்த்தவன். நியூசிலாந்து ஒயிட், சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் என்று மூன்று இனமும் இருந்தன. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் கற்றுக்கொண்ட தொழில். மெத்தையில் முயலை ஏற்றுவது எங்கள் பக்கம் சிரிப்பு விஷயம்தான், மறைக்க மாட்டேன்.

ஆனால் ஆறுமுயல் சொன்ன மூலைக் கணக்கு உண்மை. பண்ணையில் கம்பித்தரைக் கூண்டுதான், எல்லாம் கீழே விழுந்துவிடும், எங்கே போகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. ஒரு வருடம் 40 கூண்டைக் கழற்றிப் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தது. கழற்றிப் போட்டபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு கூண்டிலும் ஒரே ஒரு மூலையில் மட்டும் கம்பி துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. மற்ற மூன்று மூலையும் புதுசு போல. சிலதில் இடது, சிலதில் வலது. யாரும் பழக்கியதில்லை. அதுவும் பெரும்பாலும் பின்பக்கம்தான், ஆள் வரும் வாசலிலிருந்து தள்ளி. புழுக்கைக் குவியல் மட்டும் புல்லைத் தொங்கவிட்ட இடத்துக்கு நேர் கீழே. தின்றுகொண்டே போடும்.

எனவே நீங்கள் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அது போகிற மூலையில் சட்டியை வைத்து, அந்தச் சட்டிக்கு மேலே புல்லைக் கட்டுங்கள். சட்டி முயலைத் தேடிப் போக வேண்டும்.

இன்னொன்று, கூண்டின் தரை வெறும் கம்பி என்றால் ஒரு பலகையாவது போடுங்கள். முயல் பாதத்தில் நாய்க்கு இருப்பது போலத் திண்டு கிடையாது, வெறும் மயிர்தான். பண்ணையில் பாதப் புண்ணோடு எத்தனையோ பார்த்திருக்கிறேன்.


வெறுங்கால்
ஞாயிறு, பகல் 12.10

தட்டச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். துருவை வைத்துக் கண்டுபிடித்தது பிரமாதம் சார்.


ஸ்காபரோ பெரியம்மா
ஞாயிறு, மாலை 6.45

வணக்கம் பிள்ளை. நான் கனடாவில் இருக்கிறேன், எங்கள் வீட்டில் இரண்டு முயல். இங்கே குளிர்காலத்தில் அடுப்பெரிக்க விற்கும் மரத்தூள் உருண்டையைத்தான் ட்ரேயில் போடுகிறோம். 18 கிலோப் பை, இரண்டு முயலுக்குப் பல வாரம் காணும். மூத்திரம் பட்டால் உப்பித் தூளாகிவிடும், மணமே வராது. உங்கள் ஊரில் கிடைத்தால் அதைப் பாருங்கோ. ஆனால் பைன், தேவதாரு மரத்துச் சீவலை மட்டும் அப்படியே போட வேண்டாம். அந்த வாசனையே ஈரலுக்குக் கூடாது. சூளையில் உலர்த்தி உருண்டையாக்கினது வேறு.


ஆறுமுயல்
ஞாயிறு, இரவு 9.30

பெரியம்மா சொல்வது நல்ல பொருள். ஆனால் இங்கே பாய்லருக்கு விற்கும் உருண்டையை யாரும் வாங்கிவிடாதீர்கள். அதில் கடலைத்தோல், மரத்தூள், இன்னும் என்னவெல்லாமோ கலந்திருக்கும். எரிப்பதற்கென்று செய்தது, முயல் கடிப்பதற்கென்று யாரும் செய்யவில்லை. தேங்காய் நார்த்தூள் நன்றாக உறிஞ்சும், காய்ந்தால் தூசி பறந்து தும்மல் வரும். நெல் உமியிலும் தூசி பறக்கும். வைக்கோல் ஈரத்தை உறிஞ்சாது, கீழே செய்தித்தாள் இருந்தால் மேலே பரப்பலாம். நான் ஆறு முயலையும் செய்தித்தாளில்தான் வளர்த்தேன்.

சரி, மூன்றாம்மாடிக்கு.

கட்டட வேலைக்கு வைத்திருப்பார்களே, பிளாஸ்டிக் பாண்டுச் சட்டி, அல்லது பாத்திரக்கடையில் அகலமான அன்னக்கூடை, இரண்டில் ஒன்று வாங்குங்கள். சட்டி உயரமென்றால் ஒரு பக்கத்தை நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். குட்டி எகிறிக் குதிக்காமல் நடந்து ஏற வேண்டும். அடியில் ஆறு அடுக்குச் செய்தித்தாள், பளபளப்புத்தாள் வேண்டாம். அதன் மேல் இரண்டு கைப்பிடி காய்ந்த புல். இன்னும் ஒரு பெரிய பிடி புல்லை, சட்டிக்குள் உட்கார்ந்தால் மட்டும் வாய்க்கு எட்டும்படி கம்பியில் செருகுங்கள். முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும், அதில் பெரும்பங்கு தின்னும்போதுதான். நாள் முழுக்கத் தின்னும் இடம் சட்டி என்றால் மீதியை அதன் குடல் பார்த்துக்கொள்ளும்.

கூண்டைச் சுற்றி நாலடிக்கு நாலடி ஒரு வேலி கட்டுங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கூட நிறுத்தலாம். பத்து நாளைக்கு அதுதான் அதன் உலகம். சட்டியை இடது பின் மூலையில் வையுங்கள். வெளியே போய்விட்டால் மூத்திரத்தைத் தாளில் ஒற்றிச் சட்டிக்குள் போடுங்கள், புழுக்கையையும் பொறுக்கிப் போடுங்கள். சட்டியை ஒரேயடியாகப் பளிச்சென்று கழுவாதீர்கள். தினமும் தாளை மாற்றும்போது நனைந்த ஒரு துண்டை மிச்சம் வையுங்கள். அந்த வாசனைதான் அதற்குப் பெயர்ப்பலகை.

வாலைத் தூக்கிப் பின்னால் நகர்ந்து மூலையில் ஒடுங்கினால் போகப்போகிறது என்று அர்த்தம். அப்போது தூக்காதீர்கள், கையால் மெல்லத் தள்ளிவிடுங்கள். உள்ளே போய்விட்டு வந்தால் உடனே, அந்த நொடியே, ஒரு கொத்தமல்லி இலை. ஐந்து நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்கென்றே அதற்குத் தெரியாது.

மகளின் கட்டில் அறைக் கதவைச் சாத்துங்கள். மெத்தையும் புல்தரையும் முயலின் காலுக்கு ஒன்றுதான். மெத்தென்று இருந்தாலே அதற்குப் போகத் தோன்றும்.


மூன்றாம்மாடி
ஞாயிறு, இரவு 10.05

அக்கா, இவ்வளவு எழுதியதற்கு ரொம்ப நன்றி. பாண்டுச் சட்டி கீழே வேலை நடக்கும் வீட்டிலேயே ஒரு பழசு கொடுத்துவிட்டார்கள். புல்தான் சிக்கல். இணையத்தில் விற்கும் திமோத்திப் புல்லின் விலையைப் பார்த்து என் வீட்டுக்காரர் "இதற்குப் பாசுமதியே போடலாமே" என்கிறார்.


நீலகிரிக்காரன்
திங்கள், காலை 6.20

இறக்குமதிப் புல்லை மறந்துவிடுங்கள் அம்மா. பால்மாடு வைத்திருப்பவர் யாரிடமாவது கோ-4 புல் கேட்டு வாங்கி, விரல் நீளத்துக்கு நறுக்கி, மொட்டைமாடியில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் முடிந்தது. மாமியார் கேட்ட மொட்டைமாடிக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று. குட்டிக்கு ஆறு மாதம் வரை குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் கொடுக்கலாம், வளரும் எலும்புக்கு நல்லது. அதற்கு மேல் வேண்டாம். சுண்ணாம்புச் சத்து அதிகம், முயல் அதை மூத்திரத்தில்தான் தள்ளும், மூத்திரப்பையில் சேறு மாதிரிப் படிய ஆரம்பிக்கும்.


கோயம்பேட்டுப்பூ
திங்கள், காலை 9.00

அருகம்புல்லும் தாராளமாகத் தரலாம். பூக்கடையில் பிள்ளையாருக்குக் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். நான் வாரம் இரண்டு தடவை வாங்குவதைப் பார்த்து, கடைக்கார அம்மா என்னைப் பெரிய பக்தர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அலசி, ஈரம் போக உலர்த்திப் போடுங்கள். ரோட்டோரம் பிடுங்காதீர்கள், நாய் போன இடமா மருந்தடித்த இடமா என்று தெரியாது.


மூன்றாம்மாடி
வியாழன், இரவு 9.50

நிலவரம் சொல்கிறேன். திங்கள் மாலை சட்டி வைத்தோம். முதல் நாள் புல்லைத் தின்றுவிட்டு இறங்கிவந்து, சட்டிக்குச் சரியாக ஒரு சாண் தள்ளி மூத்திரம் போனது. என்னைப் பார்த்துக்கொண்டே போனது. செவ்வாயும் அப்படியே. புதன் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் சட்டிக்குள் உட்கார்ந்து புல் தின்றுகொண்டிருக்கிறது, தாள் நனைந்திருக்கிறது! இன்று நாள் முழுக்க வெளியே இரண்டே தடவை.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் புல் நறுக்கியது அவர்தான். நான் நறுக்குவது கோணல்மாணலாக இருக்கிறதாம்.

ஒரு சந்தேகம். விடியற்காலையில் திராட்சைக் குலை போல, பளபளவென்று மெத்தென்ற ஒன்று போட்டிருந்தது. நாற்றமும் கூட. வயிற்றுப்போக்கா?


ஆறுமுயல்
வியாழன், இரவு 10.15

இல்லை, பயப்படாதீர்கள். முயல் இரண்டு விதமாகப் போடும். உருண்டைப் புழுக்கை கழிவு. நீங்கள் பார்த்தது பெருங்குடலின் ஆரம்பப் பையில் நொதித்து வருவது, சத்தும் வைட்டமினும் அதில்தான். அதைக் குனிந்து நேரே வாயில் வாங்கித் தின்றுவிடும், நம் கண்ணில் படுவதே அபூர்வம். தரையில் மிஞ்சிக் கிடந்தால் தீனி அதிகம், புல் குறைவு என்று அர்த்தம். கலர் தீனி தீர்ந்தால் இதுவும் நின்றுவிடும். உண்மையான வயிற்றுப்போக்கு தண்ணீராகப் போகும், குட்டிக்கு அது வந்தால் அன்றைக்கே டாக்டர். அதே மாதிரி அரைநாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒடுங்கிக் கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் போனதற்கும் காரணம் இருக்கலாம். சட்டி சரியான இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. நகர்த்திப் பாருங்கள்.


மூன்றாம்மாடி
வெள்ளி, காலை 7.00

நகர்த்தினேன். இரவு வெளியே ஒரு தடவைகூட இல்லை!!


மூன்றாம்மாடி
அடுத்த புதன், மதியம் 1.10

அவசரம். சட்டியில் தாள் முழுக்க ரத்தச் சிவப்பு. குட்டி நன்றாக ஓடுகிறது, தின்கிறது. மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் யாராவது சொல்லுங்கள்.


கோயம்பேட்டுப்பூ
புதன், மதியம் 1.22

பீட்ரூட் கொடுத்தீர்களா?


ஆறுமுயல்
புதன், மதியம் 1.40

முயலின் மூத்திரம் வெளிர்மஞ்சளிலிருந்து செங்கல் சிவப்பு வரை எந்த நிறத்திலும் வரலாம். கீரை, கேரட்டில் உள்ள நிறமிகளின் வேலை, ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும். தாள் முழுக்க ஒரே சீராகச் சிவந்திருந்தால் பெரும்பாலும் அதுதான். மஞ்சளுக்கு நடுவே திட்டுத் திட்டாக, நூல் நூலாகச் சிவப்பு என்றால் ரத்தமாக இருக்கலாம். முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனாலும் யோசிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மூத்திரத்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு போங்கள், பரிசோதனைப் பட்டை வைத்து டாக்டர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.


மூன்றாம்மாடி
புதன், இரவு 8.30

ஒரே சீரான சிவப்புதான். விசாரித்ததில், மாமியார் நேற்றுச் செங்கீரையும் கேரட் தோலும் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்திருக்கிறார். "குட்டி இளைத்துக் கிடந்தது" என்கிறார். அது இளைக்கவில்லை, உருண்டைதான்.


மூன்றாம்மாடி
ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 9.15

பழைய இழையையே தூசி தட்டி எடுக்கிறேன். இரண்டு மாதம் பொரி தங்கமாக இருந்தது. வேலியை எடுத்துவிட்டு ஹால் முழுக்க விட்டோம். சட்டியைத் தவிர எங்கும் போகாது. மாமியார் ஊருக்குப் போகும்போது ஒரு பை நிறையப் புழுக்கை எடுத்துப் போனார். மட்க வைக்காமலே ரோஜாவுக்கு நேராகப் போடலாம் என்று நீலகிரிக்காரன் அண்ணா வேறு இழையில் எழுதியிருந்ததை நான்தான் வாசித்துக் காட்டினேன்.

இந்த ஒரு வாரமாக எல்லாம் தலைகீழ். சோபா, கதவு நிலை, வீட்டுக்காரரின் ஆபீஸ் பை, எல்லாவற்றின் மேலும் மூத்திரம். ஓடிக்கொண்டே பீய்ச்சி அடிக்கிறது, சுவரில் முழங்கால் உயரத்துக்கு. வாடையும் முன்பு போல இல்லை, குமட்டுகிறது. மகளின் காலைச் சுற்றிச் சுற்றி உறுமிக்கொண்டே ஓடுகிறது. பழகியதெல்லாம் மறந்துவிட்டதா?


நீலகிரிக்காரன்
ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 9.40

மறக்கவில்லை அம்மா, வயதுக்கு வந்துவிட்டது. அப்புறம், பீய்ச்சி அடிப்பதும் சுற்றி ஓடுவதும் பொட்டையும் செய்யும், ஆனால் நீங்கள் சொல்லும் வேகத்தைப் பார்த்தால் இது கிடா. வாலுக்குக் கீழே பாருங்கள், இந்த வயதில் விதை இறங்கித் தெளிவாகத் தெரியும்.


மூன்றாம்மாடி
ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 10.00

பார்த்தேன். பொட்டை இல்லை. மகள் பொரிக்கு வாங்கிவைத்த ரிப்பனையெல்லாம் என்ன செய்வது என்று கேட்கிறாள்.


ஆறுமுயல்
ஆகஸ்ட், திங்கள், காலை 8.10

ஆறு வாரக் குட்டியில் ஆண் பெண் சொல்வது அனுபவசாலிக்கே கஷ்டம். எனக்கு "இரண்டும் பொட்டை" என்று கொடுத்த ஜோடிதான் ஆறுமுயல் ஆனது. முயலுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்தான்.

இந்த வயதில் ட்ரே பழக்கத்தை எவ்வளவு இறுக்கினாலும் பாதிதான் நிற்கும். எல்லை குறிக்கச் சொல்லி உடம்பு உள்ளேயிருந்து உந்தும்போது கொத்தமல்லி இலைக்கு என்ன மதிப்பு. கருத்தடை ஆபரேஷன்தான் வழி. ஐந்து மாதக் கிடாவுக்குச் சின்ன ஆபரேஷன்.


வெறுங்கால்
ஆகஸ்ட், திங்கள், காலை 9.30

வீட்டு சோபாவுக்காக ஒரு பிராணியைக் காயடிப்பது நியாயமா? நான் யாரையும் குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.


ஆறுமுயல்
ஆகஸ்ட், திங்கள், காலை 11.00

நியாயமான கேள்விதான் சார். நானும் ஒரு வருடம் அப்படி நினைத்துத் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வருடமும் அந்தக் கிடாவைக் கூண்டில் பூட்டித்தான் வைத்திருந்தேன், வெளியே விட்டால் வீடு தாங்காது. எதிரில் இருந்த பொட்டையைப் பார்த்துக் கம்பியைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டது. அந்தப் பொட்டை நாலரை வயதில் கருப்பைப் புற்றில் போனது. ஆபரேஷன் செய்யாத பொட்டை முயலுக்கு நாலு வயதுக்கு மேல் அது சர்வசாதாரணம் என்று அப்போதுதான் டாக்டர் சொன்னார். சோபாவுக்காக என்று யாராவது செய்தாலும், முயலுக்கு அதில் லாபம்தான்.

மூன்றாம்மாடி, முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழக்கமுள்ள டாக்டரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். எல்லா டாக்டரும் முயல் பார்ப்பதில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். பட்டினி நாய்க்கும் பூனைக்கும்தான். வாந்தி எடுக்காத பிராணிக்கு அது தேவையில்லை, குடல் நின்றுபோவதுதான் ஆபத்து. அமாக்சிசிலின் மாதிரி மருந்தை வாய்வழியாக எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காதீர்கள், முயலின் குடலுக்கு அது விஷம் மாதிரி.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அடங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உடம்பில் ஏறிய ஹார்மோன் வடிய நாலு முதல் ஆறு வாரமாகும். அதுவரை பக்கத்தில் பொட்டையும் கூடாது.


ஸ்காபரோ பெரியம்மா
ஆகஸ்ட், திங்கள், இரவு 8.20

எங்கள் வீட்டுப் பெடியனுக்கும் செய்தோம். அன்றைக்குப் பின்னேரமே புல் தின்னத் தொடங்கிவிட்டான். பயப்படாதே பிள்ளை. அந்த ஆறு கிழமையும் திரும்ப வேலியைக் கட்டி, முதலிலிருந்து தொடங்கு. சட்டி இரண்டாக வை.


மூன்றாம்மாடி
அக்டோபர், சனி, மாலை 5.40

ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். பெரியம்மா சொன்னபடி வேலி, இரண்டு சட்டி, பழையபடி கொத்தமல்லி. பீய்ச்சுவது மூன்றாவது வாரத்தில் குறைந்து இப்போது நின்றேவிட்டது. வாடையும் போய்விட்டது. மூத்திரம் முழுக்கச் சட்டியில்தான். புழுக்கை மட்டும் தினமும் பத்துப் பதினைந்து வெளியே கிடக்கிறது, மின்விசிறிக்குக் கீழே அது படுக்கும் இடத்தில். இதை எப்படி நிறுத்துவது? மகள் அறைக் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கப் போகிறது, புல் காயவைக்க முடியாது என்று மாமியார் ஊரிலிருந்து இரண்டு சாக்கு காயவைத்து பஸ்ஸில் போட்டுவிட்டார். சணல் சாக்கில்தான் வைக்க வேண்டுமாம், பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடிக்குமாம். போனில் சொன்னார்.


நீலகிரிக்காரன்
அக்டோபர், சனி, மாலை 6.30

200 போடுவதில் 15 வெளியே விழுந்தால் அது நிறுத்த வேண்டிய விஷயம் இல்லை அம்மா. சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பூஞ்சை வாடை வந்த புல்லைக் கொஞ்சம்கூடக் கொடுக்காதீர்கள்.


புதுமுயல்
அக்டோபர், ஞாயிறு, காலை 10.10

இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு எங்கள் குட்டிக்கும் பாண்டுச் சட்டி வைத்தோம், நாலாவது நாளே பழகிவிட்டது. ஆனால் அதிலேயே படுத்துத் தூங்குகிறது. அப்படி விடலாமா?


ஆறுமுயல்
அக்டோபர், ஞாயிறு, காலை 10.35

குட்டிகள் அப்படித்தான். தாளை ஈரமில்லாமல் மாற்றிக்கொண்டே இருங்கள், பக்கத்தில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வையுங்கள், ஒரு வாரத்தில் அங்கே குடிபோகும். அதற்குள்ளும் ஒன்றுக்குப் போனால், இரண்டாவது சட்டியை எங்கே வைப்பது என்று அது சொல்லிவிட்டது.